சாயங்காலம் ஏழு மணிக்கு என்னல செய்வ?

வா மக்கா, உக்காரு. பனியன்ல என்னமோ எழுதியிருக்கே, என்னது அது? என் கண்ணாடி உள்ள கெடக்கு, நீயே வாசி. 'நிலக்கரியை ஒழிப்போம்'. அப்படிப் போடு! எப்ப ஒழிக்கப் போறீய? அடுத்த வாரமா, பொங்கலுக்குள்ளயா? இந்த வாசகத்தை எங்க இருந்து யோசிச்ச? ஏசியைப் பதினெட்டுல வச்சிட்டு, குளிருதுன்னு போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்துதான? மொறைக்காதல. கெழவன் வாய் சும்மா இருக்காது.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். நான் கரிக்கு வக்காலத்து வாங்குற ஆளு இல்ல. தூத்துக்குடி அனல் மின் நிலையத்துல 1979ல மொத அலகு ஓடுனப்ப ஊரே வாயப் பொளந்து பாத்துச்சு. பொறவு மொத்தம் 5 அலகு ஆச்சு, ஒவ்வொண்ணும் 210 மெகாவாட். அதுக்குக் கரி ஒடிசாவுலேருந்து ரயில்ல ஏறி, கப்பல்ல மாறி, இம்புட்டு தூரம் வருது. நம்ம நாட்டுக் கரி லச்சணம் தெரியுமா உனக்கு? நூறு கிலோவை எரிச்சா முப்பது, நாப்பது கிலோ சாம்பலா மிஞ்சும். அப்ப என்ன அர்த்தம்? வாடகை குடுத்து, கப்பல் புடிச்சு, சாம்பலைச் சொமந்துக்கிட்டு வாரோம். கரி லாரி போற ரோட்டோரத்துல முருங்கைக் கீரை ஒடிச்சுக் கழுவிப் பாரு. மொதத் தண்ணி கறுப்பா வரும். ரெண்டாந் தண்ணியும் கறுப்பாத்தான் வரும். அதுக்குப் பொறவுதான் கீரைக்குப் பச்சை நெறம் உண்டுன்னே தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத சங்கதி இன்னொண்ணு இருக்கு. கரியில எடுக்குற ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு மேல போவுது. ராத்திரி பூரா உன் ஏசி ஓடுனா ஏழெட்டு யூனிட்டு. கணக்கு உனக்கு நல்லா வரும், போட்டுக்கோ. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? எங்க மாவட்டத்துல வருசம் பூரா பெய்யுற மழையே அம்புட்டு வராது. அதுக்குக் கரிதான் காரணம்னு ஒத்தை வெரலை நீட்ட எனக்குத் தெரியாது. ஆனா காத்து சூடானா அது சொமக்குற தண்ணியும் கூடும்னு படிச்சவுக சொல்லுதாவ. அதை நம்ப எனக்குப் பெரிய படிப்பு வேண்டாம், அன்னைக்கு வீட்டுக்குள்ள நின்ன தண்ணியே போதும்.

கரியை நிப்பாட்டணும், சரி. எப்படின்னுதான் ஆளாளுக்குக் கோட்டி புடிச்சு அலையுதாவ.

உடன்குடிக்குப் போயிருக்கியா? கருப்பட்டிக்குப் பேரு போன ஊரு. புவிசார் குறியீடுன்னு பட்டம் எல்லாம் குடுத்திருக்காவ. அந்த ஊருப் பேருல இப்ப ஒரு அனல் மின் நிலையம் எழும்புது. 660 மெகாவாட்ல ரெண்டு. கரிக் கப்பல் வந்து நிக்கணும்னு கல்லாமொழியிலேருந்து கடலுக்குள்ள கிலோமீட்டர் கணக்குல பாலம் போட்டிருக்காவ. ஒரு கையால கருப்பட்டிக்குப் பட்டம், மறு கையால கரிக்குப் பாலம். இந்தப் பக்கம் குலசேகரபட்டினத்துல ராக்கெட் வேற விடப் போறாவளாம். பனையேற ஆளு கெடைக்கல, வானத்துல ஏற ஆளு இருக்கு. சரி, அது வேற கதை.

காத்துக்கு வா. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம ஆளுவ சொல்லி வச்சது சும்மா இல்ல. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழின்னு மேற்கு மலையில நாலு கணவா இருக்கு. தென்மேற்குக் காத்து அதுவழியா நெருக்கியடிச்சுக்கிட்டு வரும். 1986ல தூத்துக்குடி பக்கத்துல மொத மொத காத்தாடி நட்டப்ப ஒண்ணு 55 கிலோவாட்டு. 'இந்தச் சவத்தை வச்சு ஒரு மாவு மில்லை ஓட்ட முடியுமால'ன்னு சிரிச்ச பயலுவ உண்டு. இன்னைக்கு முப்பந்தல் பக்கம் போய்ப் பாரு. தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி நிக்கு. சிரிச்சவன் பேரன் அதுல வாச்மேன் வேலை பாக்கான்.

நட்டவுக யாரு தெரியுமா? பூமித்தாய் மேல பாசம் பொங்கி யாரும் நடல. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து மில்லு மொதலாளிமாருதான் பாதி. கரண்டு கட்டு தாங்கல, வருமான வரியில தேய்மானம்னு பெருந்தொகையைக் கழிச்சுக்கலாம்னு சர்க்காரு சொல்லிச்சு, வந்து நட்டாவ. சுயநலம்தான். அதனால என்ன? காத்தாடி சுத்துச்சா இல்லையா? உன் பனியன் வாசகம் ஒரு இறக்கையையாவது சுத்துச்சா? துட்டு எங்க மிச்சம் ஆவுமோ அங்கதான் மனுசன் நல்லவன் ஆவான். சட்டம் போடுறவன் இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா? ராமநாதபுரம் சீமையில கமுதின்னா பேரைக் கேட்டதும் பொண்ணு குடுக்க யோசிப்பாவ. அந்தக் கருவேலங்காட்டுல 2016ல 2,500 ஏக்கர்ல சூரியத் தகடு விரிச்சு 648 மெகாவாட்டு எடுத்தாவ. அன்னைக்கு ஒரே எடத்துல இருந்ததுல உலகத்துலயே பெரிசுன்னு பேரு. தகட்டுல தூசி படிஞ்சா கரண்டு கொறையும்னு தொடைக்க எந்திரம் வச்சிருக்காவ. தொடைக்க எந்திரம், காவலுக்கு மனுசன். முந்தி தலைகீழா இருந்துச்சு.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. சாயங்காலம் ஏழு மணிக்கு என்னல செய்வ?

முழிக்காத. சூரியன் ஆறரைக்கே வீட்டுக்குப் போயிருவான். ஆடி, ஆவணியில காத்து கையக் குடுக்கும். காத்திகை மார்கழியில முப்பந்தல்ல நின்னு பாரு, அம்புட்டு காத்தாடியும் கையக் கட்டிக்கிட்டு நிக்கும். ஏழு மணிக்குத்தான் ஊருல உள்ள அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து லைட்டு, டிவி, ஏசி, மோட்டார், மிக்சின்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல தட்டுவான். மொத்தத் தேவை மட்டும் என்ன லேசா? 2024 மே 2ந் தேதி நம்ம மாநிலத்துக்குத் தேவைப்பட்ட உச்சம் 20,830 மெகாவாட்டு. இனிமே கூடத்தான் செய்யும், கொறையவா போவுது?

அப்ப கரிதான் கதின்னு சொல்லுத பெரிய மனுசனுவளும் இருக்காவ. அவுகளுக்கு ஒரு கேள்வி. கரிக் கொதிகலன் என்ன உங்க வீட்டு கேஸ் அடுப்பா, திருகுனா எரியவும் திருகுனா அணையவும்? ஆறிப்போனதைத் திரும்பச் சூடேத்த மணிக்கணக்கா ஆவும். பாதிக்குக் கீழ கொறைச்சு ஓட்டுனா எந்திரம் முரண்டு புடிக்கும். அதனால பகல்ல வெயில் கரண்டு பொங்கி வழியுறப்பவும் கரி ஒரு ஓரமா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ராத்திரி வேணுமேன்னு. சில சமயம் 'காத்தாடியை நிப்பாட்டுங்கப்பா'ன்னு கரண்டாபீஸ்லேருந்து போன் போவும். சும்மா கெடைக்கிறதை நிப்பாட்டிட்டுக் கப்பல்ல வந்ததை எரிக்கோம்.

எங்க காலத்துல கிணத்து மோட்டாருக்கு முறை கரண்டு. ராத்திரி முறை வந்துட்டா டார்ச்சு லைட்டும் கம்பும் எடுத்துக்கிட்டு வயக்காட்டுக்குப் போவணும். வரப்புல பாம்பு கெடக்கும். 'ஏன்யா ராத்திரியில குடுக்கீய?'ன்னு கேட்டா, அப்பதான் மிச்சம் இருக்கும்பாவ. ஊரு தூங்குனாலும் கரி தூங்காதுல்லா? அந்தக் கரண்டை யாரு தலையிலயாவது கட்டணும், சம்சாரி தலை தோதா இருந்துச்சு. இன்னைக்கு நெலமை மாறிப்போச்சு. மிச்சம் பகல்ல கெடக்கு. சம்சாரி பகல்ல தண்ணி பாய்ச்சட்டும், மில்லுக்காரன் பகல்ல ஓட்டட்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்னு பள்ளிக்கூடச் செவுத்துல எழுதியிருந்துச்சே, பரீட்சைக்கு மட்டுமா எழுதுனாவ?

தூத்துனது போக மிச்சத்தைச் சேத்து வைக்கணும். நம்ம முப்பாட்டன் மழை வருசம் பூரா பெய்யும்னு நெனைச்சா குளம் வெட்டுனான்? மூணு மாசம் பெய்யும், அதை வச்சு மிச்ச மாசத்தை ஓட்டணும்னு தெரிஞ்சுதான் கரை போட்டான், மடை வச்சான். கரண்டுக்கும் குளம் வேணும்ல. கோயம்புத்தூர் மாவட்டத்துல காடம்பாறைன்னு ஒரு எடம். மலைக்கு மேல ஒரு அணை, கீழ ஒரு அணை. கரண்டு மிஞ்சும்போது கீழ உள்ள தண்ணியை மேல ஏத்துவாவ. பத்தாத நேரத்துல அதே தண்ணியை எறக்கி 400 மெகாவாட்டு எடுப்பாவ. எண்பதுகள்ல கட்டுனது. அப்பவே இந்தப் புத்தி இருந்துருக்கு பாத்தியா? ஏத்துறதுக்கு ஆவுற கரண்டுல கொஞ்சம் நட்டம்தான். நட்டமில்லாத சேமிப்பு எது? நெல்லைக் குதிருல வச்சா எலி திங்காதா? நீலகிரியில குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு கட்டுதாவ. பேட்டரியும் வருது. இம்புட்டு வருசமும் காத்தாடியையும் தகட்டையும் எண்ணி எண்ணி மேடையில கைதட்டு வாங்குனோமே, சேத்து வைக்க என்ன கட்டுனோம்னு எவனாவது எண்ணுனானா? ரிப்பன் வெட்டுற அமைச்சருக்குக் காத்தாடி உசரமாத் தெரியும். பேட்டரி ஒரு ஷெட்டுக்குள்ள கெடக்கும், அதுக்கு முன்னால நின்னு போட்டோ புடிச்சா நல்லாவா இருக்கும்?

வெளிநாட்டைப் பாருங்கன்னு நீ சொல்லுவ. பாத்தேன். 1882ல லண்டன்ல எடிசன் ஆளுவ மொதக் கரி நிலையத்தை ஓட்டுனாவ. 2024 செப்டம்பர் 30ந் தேதி அந்த நாட்டுல கடைசி நிலையத்தை மூடுனாவ. மெச்சத்தான் வேணும். 2012ல கூட அவன் கரண்டுல பத்துல நாலு பங்கு கரிதான். கடல்ல காத்தாடி நட்டான், கேஸுக்கு மாறுனான், கரிக்கு வரியைப் போட்டுக் கசக்குனான். ஆனா அதே நாட்டுல டிராக்ஸ்னு பெரிய நிலையம் ஒண்ணு இருக்கு. கரியை விட்டுட்டு என்ன எரிக்கான் தெரியுமா? அமெரிக்கக் காட்டு மரத்தைத் தூளாக்கி, உருட்டி, கப்பல்ல கொண்டாந்து எரிக்கான். அதுக்குப் பசுமைன்னு பேரு, மானியமும் உண்டு! மரத்தை எரிச்சாப் பசுமைன்னா எங்க ஊரு பதனி காய்ச்சுற விளையில உள்ள ஆளுவளுக்கு எம்புட்டு மானியம் பாக்கி இருக்கு? ஜெர்மனிக்காரன் அதுக்கு மேல. 2023 ஏப்ரல்ல கடைசி அணு உலையைப் பூட்டிட்டு, பழுப்பு நிலக்கரியை அவன்பாட்டுக்கு எரிச்சான்.

துபாய்ல 2023ல பருவநிலை மாநாடு நடந்துச்சே, 80,000 பேருக்கு மேல போனாவ. பெரிய தலைவருமாரு தனி விமானத்துல வந்து எறங்குனாவ. தலைமை யாரு? அந்த நாட்டு எண்ணெய்க் கம்பெனித் தலைவரு. கள்ளுக்கடைக்காரரைத் தலைவராப் போட்டு மதுவிலக்கு மாநாடு நடத்துற தெம்பு யாருக்கு வரும்?

நீ மட்டும் என்ன? புதுசா பேட்டரி காரு வாங்கியிருக்க, சந்தோசம். எப்ப சார்ஜ் போடுத? ஆபீஸ் விட்டு வந்து ராத்திரியில. அப்ப உன் காருக்குப் புகைக் குழாய் தூத்துக்குடியில இருக்கு, அம்புட்டுத்தான் வித்தியாசம். மத்தியானம் போடு மக்கா. ஆபீஸ்ல ஒரு பிளக்கு கேட்டு வாங்கு. பகல்ல வெயில் நேரத்துக் கரண்டுக்கு வெலை கம்மி, உச்ச நேரத்துக்குக் கூடன்னு 2023லயே மத்திய சர்க்காரு விதி எழுதியிருக்கு. வெலை மாறுனா, பனியன் போடாதவனும் நேரத்தை மாத்திக்கிடுவான்.

இன்னொண்ணு. காத்தாடி நடவும் தகடு விரிக்கவும் நெலம் கேட்டு வருவாவ. அதுல ஆடு மேச்சவன் எங்க போவான்னு கேளு. கரி நிலையத்துல காண்ட்ராக்டுல சாம்பல் அள்ளுறவன் இருக்கானே, அதை மூடுற அன்னைக்கு அவனுக்கு என்ன வழின்னும் கேளு. இஞ்சினியரை வேற ஊருக்கு மாத்துவாவ. இவனை யாரு மாத்துவா? இந்தக் கேள்வி உன் பனியன்ல பிடிக்காது, நீளம்.

நம்ம வீட்டுலயும் ஆரம்பிக்கலாம்னு சொல்லுதியா? செய்யேன். மூணு கிலோவாட்டுத் தகடு மாட்டுனா மத்திய சர்க்காரோட சூரிய வீடு திட்டத்துல 78,000 ரூவா மானியம். வெயில் நல்லா அடிச்சா ஒரு நாளைக்குப் பன்னெண்டு யூனிட்டு வரும். ரெண்டு மாசத்துக்குக் கெடைக்குற இலவச யூனிட்டுக்குள்ளயே ஓட்டிக்கிடுற சின்ன வீட்டுக்காரனுக்கு இதுல ருசி இருக்காது, ஏசி ஓட்டுற உனக்கு நல்லாவே கட்டுப்படியாவும். ஒரே ஒரு சங்கடம். 300 சதுர அடி நெழல் விழாத எடம் வேணும். மொட்டை மாடியில அம்புட்டு எடமும் உங்க ஆச்சி மோர்மிளகாயும் கூழ்வத்தலும் காயப்போடுற எடம். மானியத்துக்கு நான் கையெழுத்துப் போடுதேன். ஆச்சிகிட்ட நீ போய்ப் பேசு. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.