கலர் சித்தி

ஒவ்வொரு குடும்பத்திலும் சமையலுக்கு ஒருவர், பஞ்சாயத்துக்கு ஒருவர், ரயில் டிக்கெட் போட ஒருவர் என்று பொறுப்புகள் தாமாகவே பிரிந்துவிடும். இப்போது இன்னொரு பதவியும் சேர்ந்திருக்கிறது. குடும்ப போட்டோவுக்கு யார் என்ன கலரில் வர வேண்டும் என்று சொல்பவர். எங்கள் வீட்டில் அது சித்தி. உங்கள் வீட்டில் அத்தையாக இருக்கலாம், மூத்த மருமகளாக இருக்கலாம், வெளியூரில் இருந்துகொண்டே வீட்டை ஆளும் நாத்தனாராகவும் இருக்கலாம். ஆள்தான் மாறும், குணம் மாறாது.

இந்தப் பதவிக்கு யாரும் அவரை நியமிப்பதில்லை. தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூருக்குத் தேதி குறித்த அன்று, மற்றவர்கள் எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை வேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, சித்தி மட்டும் வாய் திறக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைப்பதற்குள் ‘தாத்தா 80 டிரெஸ் மட்டும்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு பிறந்துவிட்டது. அந்த ‘மட்டும்’ காரணமில்லாமல் வந்ததல்ல. ஏற்கெனவே இருக்கும் குடும்பக் குழுவில் பெரிய மாமாவின் காலை வணக்கத்துக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவே தன் உத்தரவுகள் நசுங்கிவிடும் என்று சித்திக்குத் தெரியும். புதுக் குழுவின் முதல் செய்தியில் நான்கு கட்டம், நான்கு கலர். கீழே, “இதுதான் தீம். சந்தேகம் இருந்தா எனக்குத் தனியா போன் பண்ணுங்க. இங்க பேச வேண்டாம்.” இரண்டாவது செய்தி பெரிய மாமாவின் காலை வணக்கம்.

நம் பட்டுப்புடவைக் கடைகளில் கலர்களைக் கண்ணெதிரே இருக்கும் பொருளை வைத்துத்தான் சொல்வார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, காப்பிப்பொடி. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் நெய்த நீலம் ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே நிலைத்துவிட்டது. பாட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. சித்தி அனுப்பிய கட்டங்களோ டஸ்டி பிங்க், சேஜ் கிரீன், பீச், பவுடர் ப்ளூ. கடைக்காரர் இந்த வெளிறிய வகையறா முழுவதையும் ‘இங்கிலீஷ் கலர்’ என்று ஒரே அலமாரியில் அடைத்துவிடுவார். பாட்டி போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஏண்டி, இது புதுப் புடவையா, தண்ணில ஊறி சாயம் போனதா?”

“அம்மா, அது பேஸ்டல்மா. போட்டோல ரிச்சா இருக்கும்.”

“எனக்கு நடக்குற கல்யாணத்துல நான் சாயம் போய் நிக்கணுமா? எனக்கு அரக்கு. தாழம்பூ பார்டர்.”

சித்தி அசரவில்லை. “தாத்தாவும் பாட்டியும் சென்டர் பீஸ். அவங்களுக்குத் தீம் கிடையாது” என்று ஐந்து நிமிடத்தில் குழுவில் திருத்தம் வந்தது. தோல்வியைக் கொள்கையாக மாற்றத் தெரிந்தவர். அரசியலில் இருந்திருக்க வேண்டும்.

அவர் ஒன்றும் தெரியாமல் ஆட்டிவைக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. வெயிலில் கிளிப்பச்சைச் சட்டை போட்டு நின்றால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும் என்று அவருக்குத் தெரியும். பொடிக் கட்டம் போட்ட சட்டை டிஜிட்டல் கேமராவில் அலையடிக்கும். பிறகு மாமாவின் வயிற்றில் ஏதோ நெளிவதுபோலத் தெரியும். அதனால் கட்டத்துக்குத் தடை. ஸ்டூடியோவில் பச்சைத் திரைக்கு முன் பச்சைப் புடவை கட்டினால், பின்னால் தாஜ்மகாலைச் சேர்க்கும்போது புடவைக்குள்ளும் தாஜ்மகால் வந்துவிடும் என்பதும் அவர் அறிந்ததே. இதையெல்லாம் எங்கே படித்தார் என்று கேட்டால், “படிக்கணுமா? கண்ணு இருக்கு” என்பார்.

சித்தியை அவருடைய உச்சத்தில் பார்க்க வேண்டுமானால் மேட்சிங் சென்டருக்குப் போக வேண்டும். ஜாக்கெட் துணி மட்டும் தரையிலிருந்து கூரை வரை கலர் கலராக அடுக்கியிருக்கும் கடை. பிங்க் ஒன்றிலேயே ஒரு சுவர். புடவையின் முந்தானையைக் கவுன்ட்டரில் விரித்து, “இதுக்கு டூ பை டூல காட்டுங்க” என்பார். கடைப்பையன் ஒரு துணியைப் பக்கத்தில் வைத்து, “அப்படியே பொருந்துதுக்கா” என்பான். எந்தத் துணியை எடுத்தாலும் அவன் அதைத்தான் சொல்வான். சித்தி பதில் பேசாமல் புடவையையும் துணியையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போவார். கடைக்குள் டியூப்லைட்டில் இரட்டைப் பிறவிகளாக இருந்த இரண்டும் தெருவெயிலில் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை ஆகிவிடும். பையனுக்கும் அது தெரியும். அதனால்தான் அவன் வாசல் பக்கமே வருவதில்லை. அவர் உள்ளே வருவார், அடுத்த துணி, மறுபடி வாசல். பிளாட்பாரத்தில் பூக்கட்டும் அம்மாள் முதலில் வேடிக்கை பார்த்தார், பிறகு அபிப்பிராயம் சொன்னார், கடைசியில் சித்தி அவரிடமே நேராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். “இதாம்மா. இதை விட்றாத” என்று அந்த அம்மாள் சொன்ன துணியைத்தான் வாங்கினோம். பிறகு லைனிங், ஃபால்ஸ், முந்தானைக்குக் குச்சு, ஆரி வேலைக்கு முன்பணம். புடவை விலையை ஜாக்கெட் எட்டிப் பிடிக்கும் இந்தக் கட்டத்தில் சித்தப்பா வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்கள் விஷயத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வேட்டிக் கரையும் சட்டையும் ஒரே கலரில் செட்டாக வர ஆரம்பித்ததைத் தமிழ் ஆண்களுக்கு நடந்த நல்லவற்றில் ஒன்றாக அவர் கருதுகிறார். அவர்கள் யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டதல்லவா. சிக்கல் அளவில்தான். குழுவில் ஒவ்வொருவரும் தரும் சட்டை அளவு கல்லூரி நாள்களில் எடுத்த அளவு. சின்ன மாமா கூசாமல் ‘40’ என்று போட்டார். சித்தி அதை 44 என்று குறித்துக்கொண்டார். விழா நாளில் அதுவும் பொத்தானுக்குப் பொத்தான் வாய் திறந்தது. “எல்லாரும் கைய முன்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க” என்று அவர் ஆண்கள் மொத்தப் பேருக்கும் ஆணையிட்டதன் ரகசியம் இதுதான். போட்டோவில் என்னவோ மரியாதையாகத்தான் தெரிகிறது.

எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒருத்தி கறுப்புதான் போடுவேன் என்றாள். பாட்டி காதில் போட்டதும் அந்த விவகாரம் முடிந்தது. ஆனால் பெரிய அத்தை கெட்டிக்காரி. மயில் கழுத்துப் பட்டோடு வந்து நின்றார். அது பாவு ஒரு கலர், ஊடை வேறு கலர் கொடுத்து நெய்வது. இந்தப் பக்கம் பார்த்தால் நீலம், அந்தப் பக்கம் பார்த்தால் பச்சை. “நீதானே ப்ளூவும் சொன்ன, கிரீனும் சொன்ன? ரெண்டும் இதுல இருக்கு” என்றார். சித்திக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். அத்தையை இரண்டாவது வரிசைக்கு அனுப்பி, முன்னால் உயரமான பேரனை நிறுத்தி மறைக்கப் பார்த்தார். பேரன் குனிந்த நேரத்தில்தான் கேமரா கிளிக் ஆனது.

தாத்தா வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தா காலத்துக் குடும்பப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் யாரும் யாருக்கும் பொருத்தமாக உடுத்தவில்லை. ஆனாலும் எல்லாம் பொருந்தியிருக்கும். அந்தக் காலத்துக் கேமராத் தகடுகள் பல சிவப்பை உணராதவை. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், குங்குமம் கரும்புள்ளியாக விழும், நீலம் வெளுத்துப்போகும். தீம் பார்க்கும் வேலையைக் கேமராவே செய்துகொண்டது. கோட்டு இல்லாதவருக்கு ஸ்டூடியோவே கோட்டு தரும். காலையில் கணக்கப்பிள்ளை மாட்டிய அதே கோட்டில் மத்தியானம் கட்டபொம்மன் மீசையோடு ஒரு மிராசுதார் நிற்பார். யாருக்கும் எதுவும் பிரச்சினையாகத் தெரியவில்லை. சித்தி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், “பாவம், கலர் இல்ல” என்பார். அவர் எதற்காக வருத்தப்படுகிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விழா நாள். கலசாபிஷேகம் முடிந்து, ஈரம் மாற்றி, எல்லோரும் மண்டபத்தில் கூடினோம். சித்தி கையில் சேஃப்டி பின் அட்டையோடு வரிசை வரிசையாகப் பார்வையிட்டார். எல்லோரையும் கலர் கலராகப் பிரித்து மேடை ஏற்றிவிட்டு, கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேடை அலங்காரக்காரரும் சித்தியின் அதே நான்கு கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. பின்திரை முழுக்க அதே நான்கு கலர். ஓரத்தில் பீச் கலர் காகிதப் பூ. எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறை அந்தத் திரைக்குள் கரைந்துபோய், முகங்களும் கைகளும் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. முழு உருவமாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அரக்குப் பட்டில் பாட்டி, மயில்கண் வேட்டியில் தாத்தா, மயில் கழுத்தில் பெரிய அத்தை.

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். சித்தி அலங்காரக்காரரைக் கூப்பிட்டார். “தம்பி, அந்தத் துணியை அவுருங்க.” அவர் தயங்கினார். “அவுருங்க தம்பி. நேரமாகுது.” திரை இறங்கியது. பின்னால் மண்டபத்தின் மஞ்சள் சுவர், இரண்டு சுவிட்ச் போர்டு, ‘மேடையில் செருப்புடன் ஏறக்கூடாது’ என்ற பலகை. அந்தச் சுவருக்கு முன்னால்தான் எங்கள் குடும்பப் படம் எடுக்கப்பட்டது. கலர் என்னவோ பிரமாதமாக எடுத்துக் கொடுத்தது. பலகையைப் போட்டோஷாப்பில் அழிக்க இருநூறு ரூபாய் ஆகும் என்றார் போட்டோகிராபர். தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். அதில் பிழையில்லாமல் தமிழ் எழுதியிருந்ததாம்.

இப்போது சின்ன மாமா வீட்டில் புதுமனை புகுவிழா. குழுவின் பெயர் ‘புது வீடு டிரெஸ் மட்டும்’ என்று மாறியிருக்கிறது. இந்த முறை வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் என்று மாமா முடிவு செய்வதற்கு முன்பே சித்தி கேட்டு வாங்கிவிட்டார். கேட்டு வாங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு, சொன்னதே அவர்தான்.

உங்கள் வீட்டுச் சித்தியிடமிருந்தும் என்றைக்காவது நான்கு கட்டம் வந்து சேரும். கலரைப் பற்றி வாதாடாதீர்கள், அது போன வியாழக்கிழமையே முடிவாகிவிட்டது. சட்டை அளவை மட்டும் உடனே அனுப்பிவிடுங்கள். இன்றைய அளவை.