இரண்டு கற்களுக்கு நடுவே

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மேலிருந்து வருபவருக்குக் கடைசியாக வருவது முதல் வளைவு. அதைத் தாண்டியதும் சாலை கொஞ்ச தூரம் நேராக இறங்கும். அந்த இறக்கத்தின் ஓரத்தில், கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 2, 4, 6, 8 என்று எண் போட்டு 200 மீட்டருக்கு ஒன்றாக நட்ட சின்னக் கற்கள் இருந்தன. 1984-ல், பத்தாம் வகுப்புப் பையன்களான எங்கள் மூன்று பேருக்கு, 4-ஆம் எண் கல்லுக்கும் 6-ஆம் எண் கல்லுக்கும் நடுவே இருந்த அந்த இடம்தான் ஆராய்ச்சிக்கூடம்.

ஒருவன் மேல் கல்லருகே துண்டோடு நிற்பான். இன்னொருவன் கீழ்க் கல்லருகே தன் அப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தோடு நிற்பான். மூன்றாமவன் சைக்கிளில் இறங்கி வருவான். சைக்கிள் மேல் கல்லைத் தொட்டதும் துண்டு கீழே இறங்கும். கீழே இருப்பவன் அந்த நொடியில் வினாடி முள்ளைப் பார்த்துக்கொள்வான். சைக்கிள் தன்னைத் தாண்டும்போது மறுபடி பார்ப்பான். 720-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 18 வினாடி என்றால் 40. 15 என்றால் 48. 12 என்றால் 60. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த வாய்பாட்டை எழுதி வைத்திருந்தோம். இன்றும் எனக்கு அது மனப்பாடம்.

ஒரு வினாடி தவறினால் எவ்வளவு மாறும் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. 14 வினாடிக்கு 51, 13 வினாடிக்கு 55. ஒரே ஒரு வினாடியில் 4 கிலோமீட்டர் போய்விடும். அதனால் கடிகாரம் எப்போதும் ஒரே ஆளிடம்தான் இருக்கும். மூன்று முறை இறங்கி, மூன்றின் சராசரியைத்தான் எழுதுவோம். யாரும் யாரையும் ஏமாற்ற நினைத்ததில்லை. அந்த நேர்மையை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

சைக்கிள் எங்களுடையது அல்ல. கோரிமேட்டில் ஒரு வாடகைக் கடை. கடைக்காரரை அண்ணன் என்போம். நோட்டில் பேரும் நேரமும் எழுதிவிட்டு எடுத்து வருவோம். மலைக்குப் போகிறோம் என்று சொன்னால் கொடுக்க மாட்டார் என்பதால் சொல்ல மாட்டோம். ஏற்காடு பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கட்டி மேலே போவோம். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அந்த 1,200 மீட்டரையும் மிதிக்காமலே இறங்கிவிடலாம் என்பது அந்த வயதில் பெரிய செல்வமாகத் தெரிந்தது.

வேகத்துக்காக நாங்கள் செய்யாத வேலை இல்லை. டயரில் கல் மாதிரி காற்று ஏற்றுவோம். பால்ரஸ்ஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைப்போம். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்போம். டைனமோவைக் கழற்றி வைத்துவிடுவோம். மிதித்து வேகம் கூட்ட வழியில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று ஒரே கியர். மணிக்கு 40 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 120 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும். அதற்குமேல் கால் ஈடுகொடுக்காது. மீதியை மலைதான் தர வேண்டும்.

மலையும் ஓர் எல்லைக்குமேல் தராது. சரிவு நம்மைத் தள்ளும் விசை கூடுவதில்லை. காற்றோ, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு பலத்தோடு எதிர்க்கிறது. தள்ளுவதும் எதிர்ப்பதும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைத்துவிடும். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் இறங்கும் சரிவில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ இருந்தால், நிமிர்ந்து உட்கார்ந்தவர் 45-ஐ ஒட்டி நின்றுவிடுவார். முழங்கையை ஒடுக்கி, முதுகைத் தாழ்த்திக் குனிந்தவர் 60-ஐ ஒட்டிப் போவார். பெரிய வித்தியாசம் உடம்பைக் குறுக்குவதில்தான். எங்களில் கொஞ்சம் பருமனானவன் எப்போதும் முந்துவான். எடை கூடும் அளவுக்கு, காற்றில் மோதும் உடல் பரப்பு கூடுவதில்லை. அதன் பலன் அவனுக்குக் கிடைத்தது.

என் சாதனை 13 வினாடி. அதாவது 55. அந்த 13 வினாடிகள் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன. காற்று அறைந்து கண்ணில் நீர் கட்டி, சாலை கலங்கலாகத் தெரிந்தது. பின் மட்கார்டு கடகடவென்று அடித்துக்கொண்டது. ஹேண்டில்பார் உள்ளங்கைக்குள் நடுங்கத் தொடங்கியபோது இரண்டு முழங்காலாலும் பார் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். நடுக்கம் அடங்கியது. கீழே வந்து நின்றபோது நண்பன் கடிகாரத்தைக் காட்டி, “பதிமூணுடா!” என்று கத்தினான். அதற்குப் பிறகு வாழ்க்கையில் வந்த மதிப்பெண்களோ சம்பள உயர்வோ அந்தப் பதிமூன்று கொடுத்த மகிழ்ச்சியைக் கொடுக்கவில்லை.

அத்தனை வேலை பார்த்த நாங்கள் பிரேக் கட்டையை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், லேசாகத் தூறல் விட்ட பிறகு இறங்கினேன். இரண்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். அந்தக் காலத்து ராட் பிரேக்கில் ரப்பர் கட்டை இரும்பு ரிம்மின் உட்புறத்தில் போய் ஒட்டும். ரிம் நனைந்திருந்தால் ஒட்டாது, வழுக்கும். கம்பியை முழுதாக இழுத்தும் சைக்கிள் வேகம் குறையாமல் போனது. தடுப்புச் சுவரில் தோள் மோதியது. இடது காறை எலும்பு முறிந்தது. சுவர் இல்லாத இடமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஹெல்மெட் என்று ஒன்று சைக்கிளுக்கு உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாத காலம் அது.

ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்ததும், வளைந்த ஃபோர்க்குக்குப் பணம் கொடுக்க அப்பா என்னை வாடகைக் கடைக்குக் கூட்டிப்போனார். அண்ணன் பணத்தை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சாக்பீஸால் கடை முன்னால் தார்ச்சாலையில் ஒரு கோடு போட்டார். “வேகமா வந்து, இந்தக் கோட்டுல பிரேக் புடி தம்பி” என்றார். கோட்டிலிருந்து நான் நின்ற இடம் வரை அவரே தப்படி வைத்து எண்ணினார். ஒன்பது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு ரிம்மிலும் ஊற்றி, மறுபடி வரச் சொன்னார். இருபத்திரண்டு தப்படி.

“எவ்வளவு வேகமா போறோம்னு எண்ணுனீங்க. எங்க நிப்போம்னு எண்ணலையே தம்பி” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது மனதில் தங்கிவிட்டது.

நாற்பது வருடம் கழித்து, போன ஜனவரியில், என் அக்கா மகள் அதே சாலையில் இறங்கி வந்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. பெங்களூருவில் வேலை. சைக்கிள் என்னுடைய அந்தக் காலத்து வண்டியின் பாதி எடைகூட இருக்காது. இரண்டு சக்கரத்திலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். முன்சக்கரக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், ஃபோர்க்கில் அது தன்னைக் கடப்பதை எண்ணும் சென்சார், ஹேண்டில்பாரில் எண் காட்டும் மீட்டர், சட்டைப் பையில் செயற்கைக்கோள் வழியே எல்லாவற்றையும் பதிவுசெய்யும் கைப்பேசி.

முந்தின நாள் மாலை எங்கள் வாசலில் அவள் சக்கரத்தின் சுற்றளவை அளந்ததைப் பார்த்தேன். காற்று வால்வு தரையை நோக்கி இருக்கும்படி வைத்துக் கோடு போட்டாள். ஆள் ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் பிடித்துக்கொள்ள, சக்கரம் மூன்று சுற்று உருண்டது. 6 மீட்டர் 31 சென்டிமீட்டர். மூன்றால் வகுத்து 2,103 மில்லிமீட்டர் என்று மீட்டரில் பதிந்தாள். துண்டும் கடிகாரமும் வைத்து மூன்று பேர் பட்ட பாட்டை ஒருத்தியே அரைமணியில் முடித்துவிட்டாள். அதே அக்கறையோடு. அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

அடிவாரத்தில் காத்திருந்தேன். வந்ததும் கைப்பேசியை நீட்டினாள். “மாமா, அறுபத்து மூணு!” மீட்டரைப் பார்த்தோம். அதில் உச்ச வேகம் 58 என்றிருந்தது. ஒரே இறக்கத்துக்கு இரண்டு எண்கள். கைப்பேசி ஒவ்வொரு வினாடியும் தான் இருக்கும் இடத்தைக் குறித்து, இடத்துக்கு இடம் தூரத்தைக் கணக்கிடுகிறது. மரங்களும் மலைச்சுவரும் சமிக்ஞையை மறைத்தால் அந்த இடக்குறி சில மீட்டர் தாவிவிடும். தாவிய தூரமும் வேகக் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரம் அப்படித் தாவாது, உருண்டதை மட்டும் சொல்லும். அவளும் ஒத்துக்கொண்டு 58 என்றே எழுதினாள்.

பிறகு அவளே கேட்டாள். “நீங்க அம்பத்தஞ்சு, நான் அம்பத்தெட்டு. நாப்பது வருஷத்துல மூணு கிலோமீட்டர்தானா மாமா?”

ஆமாம், அவ்வளவுதான். மலை அதே மலை, காற்றும் அதே காற்று. இறக்கத்தின் வேகத்தைச் சைக்கிளைவிட அவை இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. நாற்பது வருடத்தில் உண்மையாகவே மாறியது எது என்று காட்ட, கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில் ஆளில்லாத ஒரு சமதளச் சாலைக்கு அவளைக் கூட்டிப்போனேன். சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். “முப்பதுல வந்து இங்க பிரேக் புடி கண்ணு.” டேப் வைத்து அளந்தோம். 8 மீட்டர். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி. ஒரு மீட்டர்தான் கூடியது. என் காலத்தில் ஒன்பது இருபத்திரண்டானது. அவள் காலத்தில் எட்டு ஒன்பதாகிறது. சைக்கிள் கண்ட பெரிய முன்னேற்றம் இதுதான். எந்த மீட்டரும் அதைக் காட்டுவதில்லை.

ஆனால் இந்த எட்டையும் நம்பி ஏமாறக்கூடாது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் நான்கு மடங்காகும். முப்பதில் 8 மீட்டர் என்றால் அறுபதில் 32. இது சமதளத்தில். இறக்கத்தில் இன்னும் கூடும். கண் பார்த்து, கை பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகும். அறுபதில் அந்த ஒரு வினாடிக்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆகக் கிட்டத்தட்ட 50 மீட்டர். ஏற்காடு சாலையில் பல வளைவுகளில் முன்னால் 50 மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. வளைவில் அகலமாகத் திரும்பி ஏறும் பஸ்ஸோ, தின்பண்டத்துக்காக நடுரோட்டில் உட்கார்ந்திருக்கும் குரங்குக் கூட்டமோ, எஸ்டேட் பக்கமிருந்து இறங்கும் பனியோ அதற்குள் இருக்கலாம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டம். இறங்குபவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க, முதலில் நிற்க முடிய வேண்டும்.

உலக சாதனைக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். பிரான்சின் எரிக் பரோன் 2002-ல் நிகரகுவாவின் செரோ நீக்ரோ எரிமலைச் சரிவில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியபோது சைக்கிள் உடைந்து, படுகாயப்பட்டார். 2017-ல், தன் 56-ஆம் வயதில், ஆல்ப்ஸ் மலையின் வார் என்ற இடத்துப் பனிச்சரிவில் 227.72 கிலோமீட்டரைத் தொட்டார். அது வேகப் பனிச்சறுக்குக்கென்றே அமைத்த பாதை. அந்த விளையாட்டில் 100 மீட்டரைக் கடக்கும் நேரத்தை வைத்தே வேகத்தைச் சொல்கிறார்கள். எங்கள் இரண்டு கற்களின் கணக்குதான் அதுவும். அளக்கும் இடத்துக்குப் பிறகு, வேகம் தணிந்து நிற்பதற்கென்று அதைவிடப் பல மடங்கு நீளமான வெளியை விட்டிருப்பார்கள். அந்த வெளி இல்லாவிட்டால் அங்கே யாரையும் இறங்க விட மாட்டார்கள். தொழில்முறைப் போட்டியாளர்கள் வேகத்துக்காகப் பார் கம்பிமேல் உட்கார்ந்து குனிந்து இறங்குவதைக்கூட, சர்வதேச சைக்கிள் சங்கம் 2021 ஏப்ரலிலிருந்து தடைசெய்துவிட்டது.

வேகத்தை விட்டுவிடு என்று அக்கா மகளிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பதிமூன்று வினாடியை அனுபவித்தவன் அப்படிச் சொல்ல முடியாது. இறங்கும்போது மீட்டரைப் பார்க்காதே, சாலையைப் பார், எண்ணைக் கீழே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் தன் பயணக் குறிப்பில் உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ‘நிற்கும் தூரம்’ என்று எழுதிக்கொண்டாள்.

மலையிறங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வதும் அதுவே. முதலில் ஆளில்லாத சமதளத்தில் ஒரு கோடு போடுங்கள். காய்ந்த சக்கரத்தோடு ஒருமுறை, நனைந்த சக்கரத்தோடு ஒருமுறை, எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் உங்கள் உச்ச வேகம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அந்த வேகத்தில் இறங்குங்கள்.