பனிக்குள்ள பொந்து வெட்டின தம்பிக்கு

ஏனுங் அமெரிக்கக் கர்னல் தம்பி, இந்தத் திண்ணையில செத்த உக்காருங். கிரீன்லாந்து வேணும்னு உங்க ஊருப் பெரியவங்க மறுக்காவும் கேக்கறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். கேக்கட்டும். ஆனா போறதுக்கு முன்னால இந்தக் கெழவனோட கொஞ்ச நேரம் பழமை பேசிட்டுப் போங். நான் பனிமலையக் கண்ணுல கண்டதில்ல. மார்கழி பொறந்தாலே இருமறவன். அதனாலென்ன, திட்டம் போட்ட உங்காளுக மட்டும் பனிக்கிட்ட யோசனை கேட்டுட்டா போட்டாங்க?

மொதல்ல வண்டிக் கதைக்கு வாறேன். 1939ல அட்மிரல் பைர்டு தலைமையில உங்க சர்க்கார் அண்டார்டிகாவுக்கு ஆளனுப்புச்சே, அதுல ஸ்னோ குரூசர்னு ஒண்ணு போச்சு. 17 மீட்டர் நீளம், பத்தடி ஒசரச் சக்கரம், முதுகு மேல ஒரு ஏரோப்ளேன் வேற. சிகாகோவுல செஞ்சு, கப்பலேத்தறதுக்கு பாஸ்டன் வரைக்கும் ரோட்டு மேலயே ஓட்டிட்டுப் போனாங்க. போற வழியில ஒஹையோவுல பாலத்த உட்டு ஓடைக்குள்ள எறங்கிருச்சு. தண்ணி காட்டியாச்சு, சரி. அண்டார்டிகாவுல எறக்கினா, டயர்ல ஒரு வரி கெடையாது, மொழுமொழுன்னு இருக்குது. சக்கரம் சுத்துது, வண்டி நவுர மாட்டீங்குது. கடைசியில பாத்தா, பின்பக்கமா ஓட்டினா ஓடுது! 148 கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே போனாங்க; அந்த வண்டி போன பெரும்பயணமே அதுதானுங். அந்த வண்டிக்கு இருந்த புத்திய நான் மெச்சறேன். வந்த வழியே திரும்போணும்னு அதுக்கு மட்டும்தான் தோணுச்சு.

பொறகு பட்டாளம் தானே எறங்குச்சு. 1950கள்ல லெட்டூர்னோ கம்பெனி, ரோடே இல்லாத ஊருக்கு ஒரு ரயில் செஞ்சு குடுத்துது. தண்டவாளம் வேண்டாம், சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு கரண்ட் மோட்டார். கிரீன்லாந்து பனியில ஓட்டிப் பாத்தாங்க. குத்தம் சொல்ல மாட்டேன், ஓடுச்சு. ஓடினதும் உங்களுக்கு ஆசை பெருத்துருச்சு. அடுத்தது 54 சக்கரம், 170 மீட்டருக்கு மேல நீளம். அதை 1962ல எங்க கொண்டுபோயி ஓட்டிப் பாத்தீங்? அரிசோனாவுல, யூமா பாலைவனத்துல! அதுக்குள்ள பாரந்தூக்கற ஹெலிகாப்டர் வந்துருச்சு. பொட்டியெல்லாம் பழைய இரும்பாப் போச்சு. யூமாவுல பேரீச்சை நல்லா வெளையுமாம். இரும்பைப் போட்டுப் பழம் வாங்கறதுக்கு அதைவிடத் தோதான ஊரு ஏது தம்பி.

எடம் புடிக்கறப்ப அங்க குடியிருக்கறவனக் கேக்கோணும்னு எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிரீன்லாந்து துலேயில விமானத்தளம் கட்டினப்ப அந்த வழக்கத்துக்கு நீங்க வேலை வெக்கல. 1953ல, அங்க வேட்டையாடிப் பொழைச்ச இனுகுயிட் குடும்பங்களச் சில நாள் தவணையில கெளப்பி, நூறு கிலோமீட்டருக்கு மேல வடக்க, கானாக்குக்கு அனுப்பியாச்சு. கிரீன்லாந்த ஆண்ட டென்மார்க் சர்க்காரும் பக்கத்துலயே நின்னு அனுப்பி வெச்சுது. அந்தச் சீமையில பனி மேல வண்டியோட்டத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன். அவனத் தொரத்திப்போட்டுப் பனியில எந்த வண்டி ஓடும்னு ஆராய்ச்சி ஆரம்பிச்சீங்க பாருங், அதுக்குத்தான் காலேஜ் படிப்பு வேணும்கறது.

இப்ப பொந்துக்கு வருவோம். 1959ல துலேக்குக் கெழக்க 240 கிலோமீட்டர் உள்ள போயி, கேம்ப் செஞ்சுரின்னு பனிக்குள்ள ஒரு ஊரே கட்டுனீங்க. சுவிட்சர்லாந்துல இருந்து பனி வெட்டற மிஷினு வந்துது. வாய்க்கால் வாய்க்காலா வெட்டி, மேல தகரத்த வளைச்சுப் போட்டு, அதுக்கு மேல பனியவே தள்ளி மூடினீங்க. 21 வாய்க்கால், சேத்து மூணு கிலோமீட்டர். நடுத்தெரு மட்டும் 335 மீட்டர். தூங்கற கொட்டகை, ஆசுபத்திரி, கோயில், லைப்ரரி, சவரக்கடை, விளக்கெரிய ஒரு அணு உலை. அதையும் சறுக்கு வண்டியில கட்டி டிராக்டர்ல இழுத்துட்டுப் போனீங்க, மாட்டைவிட மெதுவா. 200 சோல்ஜருங்க இருக்கலாம். டி.வி.க்காரனக் கூப்பிட்டுக் காட்டுனீங்க, சினிமாவும் எடுத்துப் போட்டீங்க. எதுக்குய்யா இதுன்னு கேட்டவனுக்கு, விஞ்ஞானம்னு சொன்னீங்க.

உள்ளுக்குள்ள இருந்த சங்கதி ஐஸ்வார்ம். பனிப்புழு! 4,000 கிலோமீட்டர் சுரங்கம், அதுல 600 ஏவுகணை, ரஷ்யாக்காரன் கண்ணுல மண்ணத் தூவிட்டு எடம் மாத்தி மாத்தி வெக்கறது. எங்க மண்ணுல அணு ஆயுதம் ஆகாதுன்னு டென்மார்க் 1957லயே ஊரறியச் சொல்லியிருந்துது. அவங்களுக்கு எதுக்கு வீண் கவலைன்னு இதச் சொல்லாமலே உட்டுட்டீங்க. நல்ல மனசு. 1997லதான் டென்மார்க்காரனுக்கே வெவரம் தெரிஞ்சுது.

ரஷ்யாக்காரன ஏச்சுப்போடலாம், டென்மார்க்காரன ஏச்சுப்போட்டீங்க. பனிய மட்டும் ஏய்க்க முடியல. வட்டல்ல வெச்ச களியுருண்டை பாத்திருக்கீங்களா? உருட்டறப்ப திண்ணுன்னுதான் இருக்கும், செத்த நேரத்துல எறங்கிப் படுத்துக்கும். பனியும் தன் பாரத்துல அப்பிடித்தான் ஒழுகுது. சுவரு உள்ள வருது, கூரை கீழ வருது. மாசத்துக்கு நூறு டன்னுக்கு மேல செதுக்கி வெளிய கொட்டியும் தீரல. உலை நின்ன எடத்துக் கூரையே எறங்கிட்டு வந்துது. 1963ல உலைய நிறுத்தி, மக்கா வருசம் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டீங்க. நூல் புடிச்சு வெட்டின தெருவு சுருங்கற எடத்துல 4,000 கிலோமீட்டருக்கு ஏவுகணைய எப்பிடி ஓட்டறது? புழு முட்டையிலயே செத்துப்போச்சு.

நான் சொல்ல வந்த சேதியே இனிமேலுதான். ஊரை ஏய்க்க ஒரு விஞ்ஞானம் சொன்னீங்களே, அதை மட்டும் அங்க இருந்த சில பேரு நெசம்னு நெனச்சுச் செஞ்சுட்டாங்க! 1966ல பனியத் தொளைச்சு, கிட்டத்தட்ட 1,390 மீட்டருல தரையத் தொட்டாங்க. அதுக்கு முன்னால ஒரு மனுசனும் அப்பிடித் தொட்டதில்ல. ஆழம் தெரியாம காலை உட்டவன் ஊருல நெறைய. ஆழம் தெரிஞ்சதும் காலை எடுத்தவங்க நீங்கதான். மக்கா வருசம் முகாமையே மூடிட்டுக் கெளம்பிட்டீங்க.

தொளைச்சப்ப வெளிய எடுத்த பனித்தண்டை டென்மார்க்கு விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்டு கேட்டு வாங்கினாரு. ஆக்சிஜன்ல கனத்தது ஒண்ணு, லேசானது ஒண்ணு இருக்குதாம். குளிர் கூடக்கூட உழற பனியில கனத்தது கொறையும். அதை அடுக்கடுக்கா அளந்து, லட்ச வருசத்து வெயிலும் குளிரும் வாசிச்சுட்டாரு. அடியில கெடைச்ச மூணரை மீட்டர் மண்ணை ஒருத்தரும் சீந்தல. பொட்டியும் பாட்டிலுமா ஃப்ரீசருக்கு ஃப்ரீசர் மாறி, 2017ல கோபன்ஹேகன்ல ஆம்புட்டுது. பிரிச்சுப் பாத்தா குச்சி, எலை, பாசி! நாலு லட்சத்துப் பதினாறாயிரம் வருசத்துக்கு முன்னால அந்த எடத்துல பனியே இல்லைன்னு 2023ல எழுதிப்போட்டாங்க.

அதனால தம்பி, அடுத்த தடவையும் பொய்யே சொல்லுங்க, வேண்டாங்கல. சொன்ன பொய்ய மட்டும் ஒழுங்காச் செஞ்சுப்போட்டு, உள்ள வெச்சிருக்கற நெசத்தக் கைவிட்டுருங்க. உங்க கையில நெசத்தைவிடப் பொய்தான் நல்லா வெளையுது.

இன்னொண்ணு, சொல்லக் கூச்சமா இருக்குது. கெளம்பறப்ப பொடக்காலியக் கூட்டாம வந்துட்டீங்க. ரெண்டு லட்சம் லிட்டர் டீசலும், கழிவுத்தண்ணியும் இன்னும் அங்க கெடக்குதுன்னு 2016ல கணக்குப் போட்டாங்க. பனி என்னைக்கும் மூடிக்கும்னு நெனச்சீங்க. உருகற காலத்துல அது உறுதியில்ல. 2024 ஏப்ரல்ல நாசாக்காரங்க வேற வேலையா ரேடாரோட மேல பறந்தப்பவே உங்க ஊரு பளிச்சுனு தெரிஞ்சிருச்சு. எடுத்துட்டுப் போங்கன்னு கிரீன்லாந்துக்காரங்க கேட்டாச்சு. டென்மார்க்காரங்க அளவுகோல் நட்டுப் பாத்துட்டிருக்காங்க. இப்ப அந்த ஊரையே வெலைக்குக் கேக்கறீங்களே, கிரயப் பத்திரத்துல அந்தப் பொடக்காலிக் கணக்கு யாரு பேருல ஏறும்னு மொதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்.