மனம் குரங்கு அன்று: நீலகிரி ஜபத்தில் கவனச் சிதறல் பற்றி ஓர் ஆய்வு

மனம் ஒரு குரங்கு என்பது நம்மவர்கள் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. அதைச் சொன்னவர்கள் யாரும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வர்க்கிப் பொட்டலத்தோடு நின்றதாகத் தெரியவில்லை. சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பாருங்கள். ஹாரன் அடித்தாலும் திரும்பாது. குட்டி வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பாது. யோக நூல்கள் ஏகாக்கிரம் என்று எதைச் சொல்கின்றனவோ, அது முழுவதும் அந்தப் பார்வையில் இருக்கிறது. பொட்டலம் வைத்திருக்கும் மனிதரோ சில்லறை, மழை, மகள் கல்யாணம், ஊட்டி பஸ்ஸில் சீட்டு என்று ஒரே சமயத்தில் நாலு இடத்தில் இருக்கிறார். அவருடைய மனத்தைக் குரங்கு என்பது குரங்குக்குச் செய்யும் அநியாயம். இது இக்கட்டுரையின் முதல் துணிபு.

சான்று இல்லாமல் சொல்லவில்லை. பகவத் கீதை 6-ஆம் அத்தியாயத்தில் மனத்தை அடக்க முடியவில்லை என்று முறையிடும் அர்ஜுனன் காற்றைத்தான் உவமை சொல்கிறான். தேர்க்கொடியிலேயே அனுமன் இருந்தும் குரங்கு என்று அவன் வாயில் வரவில்லை. எதிர்த்தரப்புக்கும் ஒரு சான்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் இந்த மலையில் விடியற்காலை ஜபத்துக்கு உட்காருகிற எவர் தலையிலும் மங்கி குல்லா இருக்கிறது. அது குளிருக்காக அணிவது. மனத்தின் இயல்பைக் காட்ட அன்று என்று சொல்லி மேலே செல்கிறோம்.

நீலகிரியில் ஆன்மிக ஆராய்ச்சி புதிதல்ல. சோர்போனில் முனைவர் பட்டம் பெற்ற நடராஜ குரு 1923-இல் தொடங்கிய நாராயண குருகுலம் ஃபெர்ன்ஹில்லில் இருக்கிறது. நித்ய சைதன்ய யதி 1999-இல் மறையும்வரை வாழ்ந்து எழுதியதும் அங்கேதான். அவர்கள் வேதாந்தத்தை எடுத்துக்கொண்டதால் வர்க்கி நமக்கு மிஞ்சியது.

சமவெளிக்காரர்கள் மலைக்குப் போனால் மனம் தானாக அடங்கிவிடும் என்று நம்பி மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஈரோட்டில் லாரிச் சத்தத்தையாவது குறை சொல்லலாம். இங்கே சத்தமே இல்லை; மனம் போனால் பழி முழுவதும் நமக்குத்தான். போகும் வழிகளும் ஆளுக்கு ஆள் மாறும். சுற்றுலா வந்தவர் மனம் இ-பாஸுக்குப் போகிறது. வேலியோரம் வீடு உள்ளவர் மனம் கேரட் பாத்திக்கும் காட்டெருமைக்கும் நடுவே நிற்கிறது. சிறு தேயிலை விவசாயியின் மனமோ ஜபமாலையின் மூன்றாவது மணியிலேயே குன்னூர் ஏலத்துக்குப் போய்விடும். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையை அறிந்த யாரும் அவரைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். பக்தியில் குறையில்லை, விலையில்தான் குறை.

ஜபம் வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூவகை. மனு ஸ்மிருதி உபாம்சுவுக்கு நூறு மடங்கும் மானசத்துக்கு ஆயிரம் மடங்கும் பலன் சொல்கிறது. உபாம்சு என்பது உதடு அசையும், ஒலி பிறர் காதில் விழாது என்ற வகை. ஊட்டியில் ஜனவரி மாதம் இது காதில் விழாது, கண்ணில் விழும்: எழுத்துக்கு எழுத்து வாயிலிருந்து ஆவி புறப்படும். மந்திரம் நின்றதும் புகையும் சீராகிவிடுவதால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் சிதறலை நமக்கு முன்பே அறிகிறார். இந்தக் கண்காணிப்பு வசதியை எந்த நூலும் பதிவு செய்யவில்லை.

‘நினைக்காதே’ என்று மனத்தை அதட்டுவது பயன்படாது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிச் சிலரை உட்காரவைத்தார். நினைவு வரும்போதெல்லாம் மணி அடிக்கவேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற நம் வைத்தியரின் கதைக்கு இது பிற்பட்டது என்பதைத் தமிழர் சார்பில் குறித்துவைக்கிறோம். 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2250 பேரிடம் விசாரித்து, விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருக்கிறது என்றார்கள். ஆகவே ஜபத்தில் பாதி தவறினால் நாம் சராசரிக்குள்தான் இருக்கிறோம்.

இனி தீர்வு. எங்கள் வீட்டில் ஜபத்தில் பழுத்தவர் என் மாமியார். அவர் உட்காரும் இடம் பூஜை அறை அல்ல, அடுப்படி வாசல். குளிருக்கு அதுதான் தோது. மாலை சால்வைக்குள்ளே நடுவிரல்மேல் கிடக்கும், கட்டைவிரல் தள்ளும். கம்பளிக் கையுறை மட்டும் போட மாட்டார். போட்டால் இரண்டு மணி சேர்ந்து நகர்ந்துவிடும், 108 அவசரமாக முடிந்துவிடும். நடுவில் பால் பொங்கினால் எழுந்துபோய் இறக்கிவிட்டு வந்து, விட்ட மணியிலிருந்தே தொடர்வார். மனம் சிதறாதா என்று கேட்டேன்.

“பால் பொங்குனா பாலைத்தானே மாப்பிள்ளை பாக்கணும்? மணியை விடாம போயிட்டு வாங்க, அவ்வளவுதான்.”

1899-இல் குன்னூர்வரை வந்த மலை ரயிலும் இதே உத்தியில்தான் ஏறுகிறது. கல்லாரிலிருந்து தண்டவாளத்தின் நடுவே இரட்டைப் பல்பட்டை ஓடுகிறது. பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருப்பதால், ஒன்று விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். உதடு விட்ட இடத்தில் கட்டைவிரல் பிடித்திருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அடுப்புக்குப் போய்வரும்போதும் மாமியாரின் உதடு அசைகிறது. அது மந்திரமா, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்த மருமகனைப் பற்றியா என்பதை ஆவியை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை. நேரில் கேட்கும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.