குரூப்பில் வந்ததெல்லாம் செய்தியா?

கேள்வி: எந்த நியூஸ் சேனலை நம்புவது? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.
– மதுரை வாசகர்

பதில்: கிரிக்கெட் ஸ்கோர் என்றால் எல்லாச் சேனலையும் நம்பலாம். அரசியல் என்றால் சேனல் யாருடையது என்று முதலில் பாருங்கள். கலைஞர் செய்திகள் தி.மு.க. பக்கம், நியூஸ் ஜெ அ.தி.மு.க. பக்கம் என்பது ரிமோட் பிடிக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அதற்காகப் பார்க்கவே கூடாது என்றில்லை. ஒரு கட்சிச் சேனல் தன் கட்சிக்கே சங்கடமான செய்தியை வாய் தவறிச் சொல்லிவிட்டால், அதைத் தாராளமாக நம்பலாம். எப்போதாவது வரும், காத்திருங்கள்.

கேள்வி: என் சித்தப்பா பொய்யே பேசாதவர். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நம்பலாம்தானே?
– கும்பகோணம் வாசகி

பதில்: சித்தப்பாவை நம்புங்கள். அவருக்கு அனுப்பியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று சித்தப்பாவையே கேட்டுப் பாருங்கள். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்த சரக்கு.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே பீதி பரவியது. போளூர் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு சென்னைக் குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் வயதான அம்மா ஒருவர் செத்தே போனார். வேறு மாநிலங்களிலும் இப்படியே நடக்க, அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பாதிப் பேராவது பிள்ளைகள் மேல் அக்கறை கொண்ட, பொய்யே பேசாத சித்தப்பாக்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

கேள்வி: நாலைந்து சேனல்கள் ஒரே செய்தியைச் சொன்னால் அது உண்மைதானே?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: 2016 டிசம்பர் 5 சாயங்காலத்தை மறந்துவிட்டீர்களா? முதல்வர் ஜெயலலிதா காலமாகிவிட்டார் என்று தமிழ்ச் சேனல்கள் வரிசையாக அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. இல்லை, சிகிச்சை தொடர்கிறது என்றது அப்போலோ மருத்துவமனை. கொடி மறுபடி ஏறியது. முறையான அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்று எத்தனை சேனல் சொன்னது என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். ஒருவர் சொன்னதைப் பார்த்து மற்றவர்கள் சொன்னால் அதற்குப் பெயர் நாலு சாட்சி அல்ல.

சேனல் வேண்டாம், பிரதமரே சொன்னால்? 1979 மார்ச் 22 அன்று, ஜெயப்பிரகாஷ் நாராயண் மறைந்துவிட்டார் என்று மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது. கடைகள் மூடின. ஜே.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவர் மறைந்தது அக்டோபர் 8-ல். பதவி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, சொல்கிறவர் கட்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். பம்பாயில் ஒரு நர்ஸைக் கேட்டிருந்தால் போதும்.

கேள்வி: சேனல் லோகோவோடு வரும் நியூஸ் கார்டில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒற்றுப்பிழை இருந்தால் போலி என்கிறாள் என் மகள்.
– ஈரோடு வாசகர்

பதில்: அந்தக் கணக்கில் அசலும் பாதி தேறாது. சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அந்தத் தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் போனிலும் வேண்டாம்.

கேள்வி: எழுத்து பொய் சொல்லலாம். படமும் வீடியோவும் சொல்லுமா?
– சேலம் வாசகி

பதில்: படம் பாவம், சும்மாதான் இருக்கும். பொய் சொல்வது கீழே இருக்கும் வரி. தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியா என்று வருஷா வருஷம் ஒரு வண்ணப் படம் வருமே, அதில் தீபாவளியே கிடையாது. மக்கள்தொகை பெருகியதைக் காட்டுவதற்காக, பல வருஷங்களின் இரவு வெளிச்சத்தை வெவ்வேறு நிறத்தில் அடுக்கி ஓர் அமெரிக்க விஞ்ஞானி 2003-ல் செய்தது.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. ரத்தம் நிஜம், அடித்தவரும் அடிபட்டவரும் காரணமும் வேறு. நேரில் பார்த்து வர பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பவேண்டி வந்தது. குழு அனுப்ப வசதியில்லாதவர்கள் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: பேப்பரைவிட யூடியூப் சேனல்கள் தைரியமாகப் பேசுகின்றனவே?
– சென்னை வாசகர்

பதில்: பேசட்டும். பேப்பரின் கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிடுபவர், வெளியிடுபவர், முகவரி. 1867-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுக் கொண்டுவந்த வழக்கம் அது. யார்மேல் வழக்குப் போடுவது என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது, நமக்கும் பயன்படுகிறது. ‘கதறும்’, ‘அலறும்’, ‘தெறிக்கும்’ என்று தலைப்பு வைக்கும் உங்கள் அபிமான சேனலில் அப்படி ஒரு பெயரும் முகவரியும் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: அரசாங்கமே உண்மை எது, பொய் எது என்று சொல்லிவிட்டால் வேலை மிச்சம் இல்லையா?
– கோவை வாசகர்

பதில்: பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்தினாலும் வேலை மிச்சம்தான். தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்ய மத்திய அரசு கொண்டுவந்த விதியை, 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு தகவல் சரிபார்ப்பகம் உண்டு. அரசாணை எண், தேதி, மூல வீடியோ என்று காட்டிப் பேசினால் ஏற்றுக்கொள்ளுங்கள். வெறும் ‘போலி’ முத்திரை மட்டும் குத்தியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று அடிக்கடி போடும் பத்திரிகையை எப்படி நம்புவது?
– விருதுநகர் வாசகி

பதில்: அதைத்தான் நம்பவேண்டும். அதே பத்திரிகையில் இதுவரை ஒருமுறைகூடத் திருத்தம் வராத பகுதி ராசிபலன்.

கேள்வி: 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று 2016-ல் நம்பினேன். உண்மையிலேயே இருந்ததா?
– காரைக்குடி வாசகர்

பதில்: புது நோட்டின் அம்சங்களை ரிசர்வ் வங்கி பட்டியல் போட்டு வெளியிட்டது, அதில் சிப் இல்லை. 2023 மே மாதம் அதே நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோதும், பேங்குக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்று நம்மைத்தான் கேட்டார்கள். சிப் இருந்திருந்தால் அவர்களே வந்து பீரோவைத் திறந்திருப்பார்கள்.