கைகட்டி உட்காரவைத்த பெருந்திறன்

எங்கள் ஊரில் நர்சரிப் பள்ளி நடத்துகிறவர்களே, உங்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நாலு வயதுப் பிள்ளை ஒன்றைப் பெற்றவர்களும் தாத்தா பாட்டியும் சேர்ந்து முயன்றால்கூட, சோறு ஊட்டி முடிக்கும்வரை ஓரிடத்தில் நிறுத்த முடிவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் நாற்பது பேரை ஒரே அறையில், கைகட்டி, வாயில் விரல் வைத்து, முற்பகல் முழுக்க பெஞ்சில் உட்காரவைக்கிறீர்கள். ஓடு, ஏறு, குதி என்று உள்ளேயிருந்து உந்துகிற உடம்பை அடக்கி வைக்க உங்களைப்போல் யாருக்கு வரும்?

உலக சுகாதார நிறுவனமே உங்களிடம் தோற்றுப்போயிருக்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்திருக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடியிருக்க வேண்டும் என்று 2019-இல் அது சொன்னது. நீங்கள் அந்த 180 நிமிடத்தையும் நாலு கோடு நோட்டுக்குக் கொடுத்தீர்கள்.

பிள்ளையின் மணிக்கட்டையும் வென்றீர்கள். அங்கே 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில், எலும்பாக இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஒன்பது, பத்து வயதாகிவிடும். தோளும் முழங்கையும் வலுப்பட்டால் விரல்கள் பென்சிலை ஆள்வது எளிதாகும். கொய்யாமரம் ஏறுவதும் கம்பியில் தொங்குவதும் மண் அள்ளிக் குவிப்பதும் பந்து எறிவதும் அந்தத் தோளுக்கான வேலைகள். அத்தனை காலம் காத்திராமல், எல்கேஜி முதல் பருவத்திலேயே கர்சிவ் எழுத்து எழுதவைத்துவிட்டீர்கள். விரல்நுனி வெளுக்கும்படி பென்சிலை அழுத்திப் பிடித்து, 'வலிக்குது மிஸ்' என்று சொல்லத் தெரியாமல் கையைக் கையை உதறும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். எழுத்து கோட்டைவிட்டு வெளியே போகவில்லை.

பாண்டி ஆட்டத்தை உங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தியதற்குத் தனியாகவே பாராட்ட வேண்டும். தரையில் கட்டம் போட்டு எண் எழுதி, சில்லை எறிந்து, நொண்டியடித்துத் தாவுகிற பிள்ளை காலாலேயே எண்ணுகிறது. தாவலுக்கு ஒரு எண். ஒன்றைத் தவறவிட்டால் உடம்புக்கே தெரிந்துவிடும். மூன்றாம் கட்டத்தில் நின்று இரண்டு தாவினால் ஐந்து. இதைக் கூட்டல் என்று யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. சில்லு கிடக்கும் கட்டத்தை மறக்காமல் தாண்ட வேண்டும். கோட்டை மிதிக்காமல் உடம்பை நிறுத்த வேண்டும். தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டும். 'கவனி, கவனி' என்று வகுப்பில் நாளெல்லாம் தொண்டை வற்றக் கேட்கிறார்களே, அந்தக் கவனம் இந்த மூன்றும் சேர்ந்ததுதான். கோலமாவில் பெரிதாக 'ழ' போட்டு அதன்மேல் நடக்கவிட்டால், அது எங்கே வளைகிறது, எங்கே கீழிறங்குகிறது என்று பிள்ளையின் பாதம் படித்துக்கொள்ளும். பிறகு விரல் எழுதும். இதற்கெல்லாம் ஒரு சாக்பீசும் கொஞ்சம் தரையும் போதும். இவ்வளவு மலிவான ஒன்று பிள்ளைகள் பக்கம் அண்டாமல் காத்து, பள்ளியின் தரத்தை நிலைநாட்டினீர்கள்.

சட்டத்துக்கும் குறை வைக்கவில்லை. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். திடல் இருக்கிறது, வேன்கள் நிற்கின்றன. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அதை மதித்து, 'வீட்டில் எழுதிப் பார்க்கவும்' என்று மட்டும் டைரியில் குறித்து அனுப்புகிறீர்கள்.

மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். சொரசொரப்புத் தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவி அறிய வேண்டும், வகுப்பறைக்குள் எழுந்து நடந்து தங்களுக்கு வேண்டிய பொருளைத் தாங்களே எடுத்துவர வேண்டும் என்பது அவர் வழி. நீங்களோ அவர் பெயரை யாருக்கும் எட்டாத உயரத்தில், பெயர்ப்பலகையில், பெரிய எழுத்தில் வைத்துக் கௌரவித்தீர்கள்.

பாரதிக்கும் அதே கௌரவம்தான். பாப்பாவை எடுத்த எடுப்பில் ஓடச் சொல்கிற அவர் பாட்டை, ஆண்டு விழா மேடையில் யூகேஜிப் பிள்ளைகள் இரு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, ஓர் அசைவில்லாமல் ஒப்பித்தார்கள். அந்த ஒழுங்குக்கு எத்தனை விளையாட்டுப் பீரியடுகள் ஒத்திகையில் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் உழைப்பு புரிகிறது. பெற்றோரும் உங்களுக்குத் துணை. 'இன்னிக்கு என்ன விளையாடினே?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எத்தனை பக்கம் எழுதினே?' என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் நடக்கிறது. வட்டத்துக்குள் குதித்து 'உள்ளே', தாண்டிக் குதித்து 'வெளியே' என்று கத்துகிறார்கள். பந்தை உருட்டி எண்ணுகிறார்கள். கட்டணமும் இல்லை, டையும் இல்லை, மதியம் முட்டை உண்டு. அதனால் உங்களுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. எல்கேஜி விண்ணப்பம் வாங்க இந்த வருடமும் விடியற்காலையிலேயே உங்கள் வாசலில் வரிசை நிற்கிறது. அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடப் பார்க்கிற சில பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குள் சரியாகிவிடுவார்கள்.