ஒட்டகச்சிவிங்கியா, ரோலர் கோஸ்டரா?

கேள்வி: ஆர்லாண்டோவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவுக்கு நானும் கணவரும் போகிறோம். எனக்கு விலங்குகள், அவருக்கு ரோலர் கோஸ்டர். ஒரே நாளில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: காலையில் அவர் உங்கள் பேச்சைக் கேட்கட்டும், மதியம் நீங்கள் அவர் பேச்சைக் கேளுங்கள். வெயில் ஏறிவிட்டால் விலங்குகள் நிழல் தேடிப் படுத்துவிடும். அதனால் கதவு திறந்ததும் கிளிமஞ்சாரோ சஃபாரிக்கு ஓடுங்கள். திறந்த வண்டியில் போகும்போது ஒட்டகச்சிவிங்கி சாலையை மறித்து நிற்கலாம். அங்கே வழிவிட வேண்டியது நாம்தான்!

மதியம் அவருக்கான ரோலர் கோஸ்டர், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட். ஏறக்குறைய 200 அடி உயரச் செயற்கை மலை. தண்டவாளம் பிய்ந்துகிடக்கும் இடத்தில் ரயில் நின்று, பின்னோக்கிப் பாயும். கணவரின் கையை இறுகப் பற்றக் காரணமே தேட வேண்டாம்.

இடையில் 145 அடி உயர 'வாழ்வின் மர'த்தடியில் நின்று, அதில் செதுக்கியுள்ள 300க்கும் மேற்பட்ட விலங்குகளில் யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று போட்டி போடுங்கள்.

1998 ஏப்ரல் 22, புவி தினத்தன்று திறந்த பூங்கா இது. விலங்குகளின் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதென்று குளிர்பானத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தருவதில்லை. நம் வசதியைவிட மிருகத்தின் வயிற்றைப் பெரிதாக மதிக்கும் இடத்துக்குத் தாராளமாக டிக்கெட் வாங்கலாம்.